அடுப்புக்கு ஒரு கை மண்

நம்முடைய ஜனங்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று தொழில்களை வகுத்து, மூன்றுக்கும் மூன்று தெய்வங்களை வைத்தோம். ஆனால் படைக்கிற பிரமனுக்கு மட்டும் கோயில் கட்டுவதில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை. காக்கிற திருமாலுக்கு ஊருக்கு ஊர் சந்நிதி உண்டு, மார்கழி உண்டு, திருநாள் உண்டு. காப்பதே பெரிது என்று நம் முன்னோர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் இதைப் பார்க்கிற எவரும் நினைப்பார்.

வீட்டுக்குள் நுழைந்தால் இந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. வீடு கட்டியவர் பெயரை முகப்பில் பொறித்து வைக்கிறோம். அந்த வீட்டை நாற்பது ஆண்டுகள் பெருக்கி, மெழுகி, ஒழுகல் கண்ட இடத்தில் அடைத்து நிற்க வைத்தவர் பெயரை எந்தக் கல்லிலும் காணோம். கட்டியது ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தேதி உண்டு, புகைப்படம் உண்டு. காத்தது நிகழ்ச்சியே அல்ல. அது நடந்ததாகவே நமக்குத் தெரிவதில்லை. நடக்காமற் போன அன்றைக்குத்தான் தெரிகிறது.

படைப்பது பெரிதா, காப்பது பெரிதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. என்னை உறுத்துகிற கேள்வி வேறு. ஒரு பொருளைக் காக்கிற கடமை யாருடையது? அதைச் செய்து கொடுத்தவருடையதா? காசு கொடுத்து வாங்கியவருடையதா? அதனால் பயன் அடைகிறவருடையதா? அல்லது அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் யார் நின்றுகொண்டிருக்கிறாரோ அவருடையதா? நடைமுறையில் நாம் கடைசியாகச் சொன்னவர் தலையில்தான் அந்தச் சுமையை ஏற்றிவிடுகிறோம். அது நியாயந்தானா?

கேள்வி பெரிது. இவ்வளவு பெரிய கேள்வியை வெறும் வார்த்தைகளில் வைத்து யோசித்தால் பிடி கிடைப்பதில்லை. ஆகவே ஓர் அடுப்பை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

சேலம் மாவட்டத்தில், ஆத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில், எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டின் பின்கட்டில் புகைபோக்கி வைத்த பழைய மண் அடுப்பு ஒன்று உண்டு. 1980-களில் ஊர்க் கொத்தனார் ஒருவர் கட்டியது. முன்கட்டில் எரிவாயு அடுப்பு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காபியும் குழம்பும் அதில்தான். ஆனால் குளிக்க வெந்நீர் வைப்பதற்கும், நெல் அவிப்பதற்கும், பொங்கல் தீபாவளி என்று பத்துப் பேர் கூடினால் சோறு வடிப்பதற்கும் இன்றும் மண் அடுப்புதான். சிலிண்டர் விற்கிற விலையில் வெந்நீருக்கு யார் வாயு எரிப்பார்கள்? வீட்டைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடு. கிழங்கு பிடுங்கிய பிறகு காய்ந்த குச்சி மலைபோல் கிடக்கும். மக்காச்சோளக் கட்டை, துவரை மிளாறு, பருத்திமார் எல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கும். விறகுக்குப் பஞ்சமில்லை.

அந்த அடுப்பின் அமைப்பை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நம் பழைய கொடியடுப்பை எல்லோருக்கும் தெரியும். தாய் அடுப்பில் எரிகிற தீயின் அனல், உள்ளே ஒரு வழியாகப் போய்ப் பக்கத்து வாய்க்குச் சூடு கொடுக்கும். அந்த அனல் கடைசியில் வெளியே போக வழி வைக்கவில்லை. சமையல் செய்கிறவளின் கண்ணும் நெஞ்சும்தான் அதற்கு வழி. புகையில்லா அடுப்பு என்று பெயர் பெற்றது, இந்தக் கொடியடுப்பின் வால்பக்கத்தில் ஒரு குழாயை நட்டு, அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்ட அடுப்பு. குழாய்க்குள் சூடான காற்று மேலே ஏறும். அது ஏற ஏற, முன்வாயிலிருந்து புதுக்காற்று உள்ளே இழுபடும். இந்த இழுப்பு இருக்கிற வரையில் புகை சமையலறைக்குள் எட்டிப் பார்க்காது.

இழுப்புக்கு எதிரி விரிசல். மண் காய்ந்தால் சுருங்கும்; சூட்டில் விரியும்; ஆறினால் மறுபடி சுருங்கும். நாள்தோறும் இப்படி நடந்தால் எந்த மண்தான் வெடிக்காது? இரும்புக் கம்பி பதித்த இடத்திலும், பாத்திரம் உட்காருகிற வாயின் விளிம்பிலும், குழாய் அடுப்போடு சேருகிற மூட்டிலும் முதலில் மயிரிழை போல ஒரு கீறல் தோன்றும். அதன் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே புகும். குழாயின் சூடு குறையும். சூடு குறைந்தால் இழுப்புக் குறையும். இழுப்புக் குறைந்தால் புகை திரும்பி வரும். கரி படிந்து குழாய் பாதி அடைபட்டாலும் இதே கதைதான். அப்புறம் அது புகையில்லா அடுப்பு அல்ல; இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற பழைய அடுப்பு.

இந்த அடுப்பைக் கவனித்துக்கொள்கிறவர் அந்த வீட்டுப் பெரியம்மா. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மாதம் ஒரு முறை, பெரும்பாலும் அமாவாசைக்கு முந்தின நாள், அடுப்பு நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்குவார். ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டுக்கு மூட்டு காட்டிக்கொண்டே வருவார். உள்ளே சிறு சுள்ளி ஒன்று எரிந்துகொண்டிருக்கும். வத்தியின் புகை எந்த இடத்தில் நேராக மேலே போகாமல் அடுப்பின் பக்கம் சாய்ந்து உள்ளே நுழைகிறதோ, அங்கே ஓட்டை என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத கீறலும் இந்தச் சோதனைக்குத் தப்பாது.

அடைக்கிற மண்ணை முதல் நாளே ஊறப் போட்டிருப்பார். ஏரிக்களியும் புற்றுமண்ணும், கொஞ்சம் உமி, நறுக்கிய வைக்கோல், சாணம். வெறும் களி பூசினால் காய்ந்ததும் தானே வெடித்துவிடும். உமியும் வைக்கோலும் உள்ளே நரம்புபோல் நின்று பிடித்துக்கொள்ளும். விரிசலின் ஓரத்தில் உதிர்கிற பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு கட்டைவிரலால் புது மண்ணை அழுத்துவார். நனைக்காமல் வைத்தால் பழைய மண் புது மண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும், ஒட்டாது. மேலே மெல்லிய மெழுகல். பிறகு நீண்ட மூங்கிலில் சாக்குத்துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டுக் கரியைத் தள்ளுவார். அடுத்த நாள் சிறு தீ மட்டும். அதற்கு மறுநாள்தான் முழு விறகு.

"இவ்வளவும் மாதா மாதம் செய்ய அலுக்கவில்லையா அம்மா?" என்று நான் கேட்டேன்.

"அடுப்பு என்ன தம்பி பெரிசாக் கேக்குது? ஒரு கை மண்ணு, ஒரு சொம்புத் தண்ணி. அதுகூடக் குடுக்கலேன்னா அது புகையத்தான் செய்யும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல எல்லாரும் வெந்நீர் ஊத்திக்கிறாங்க. மண்ணு எங்க இருந்து எடுத்தாறேன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றும் சொன்னார். அதில் புகார் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் நான் மேலே கேட்ட கேள்வி முழுவதும் அந்த இரண்டாவது பேச்சில் இருக்கிறது.

இது மண் அடுப்புக்கு மட்டும் உள்ள சங்கடம், ஏழை நாட்டுச் சங்கடம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குளிர் தேசங்களில் வீட்டைச் சூடாக்க வார்ப்பிரும்பில் விறகு அடுப்புகள் செய்கிறார்கள். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதான். அந்தப் புகை தானாகப் பற்றி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; சாதாரண அடுப்பில் புகை போகிற வழியில் அவ்வளவு சூடு நிற்பதில்லை. ஆகவே 1980-களில் ஒரு யுக்தி செய்தார்கள். தேன்கூடு போல் கண் கண்ணாக வார்த்த பீங்கான் கட்டி ஒன்றின்மேல் பிளாட்டினம், பல்லேடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மெல்லப் பூசி, புகை போகும் வழியில் வைத்தார்கள். மோட்டார் காரின் புகைக்குழாயில் இருக்கிற வினையூக்கி மாதிரிதான். அதன் மேல் பட்டால் சுமார் 260 டிகிரியிலேயே புகை எரிந்துவிடுகிறது. புகையும் குறைகிறது, அதே விறகில் கூடுதல் சூடும் கிடைக்கிறது. என்ன அருமையான கண்டுபிடிப்பு!

ஆனால் அங்கேயும் விரிசல்தான் எதிரி. கதவின் விளிம்பில் கண்ணாடி நாரால் முறுக்கிய கயிறு ஒன்றைப் பதித்திருப்பார்கள். இரும்புத் தகடுகள் சேருகிற மூட்டுகளில் அனல் தாங்கும் சாந்து பூசியிருப்பார்கள். கயிறு நைந்து, சாந்து உதிர்ந்துவிட்டால் காற்று கண்டபடி உள்ளே புகும். தீ நம் சொல் கேட்காது. அந்த நாட்டுக்காரர்கள் கதவிடுக்கில் ஒரு காகித நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கிறார்கள். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் கயிற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆத்தூர்ப் பெரியம்மாவின் ஊதுவத்திக்கு இது அண்ணனோ தம்பியோ! வர்ணம் பூசிய பலகையையும் குப்பையையும் போட்டு எரித்தால் அந்தத் தேன்கூடு நஞ்சுண்டு செத்துப் போகும். ஒழுங்காக வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் வலுக்குறைந்து போகும்.

இதில் என் கருத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகு அடுப்புகளுக்கு விதி வகுத்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் சாதாரண அடுப்பு மணிக்கு 7.5 கிராம் வரை புகைத்தூள் விடலாம் என்றும், வினையூக்கி வைத்த அடுப்பு 4.1 கிராம்தான் விடலாம் என்றும் எல்லை வைத்தார்கள். நல்ல அடுப்புக்கு ஏன் இவ்வளவு கடுமை? வினையூக்கி நாளாக நாளாக நலிந்து போகும் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். ஆகவே புதிதாக இருக்கும்போதே அது அதிகச் சுத்தமாக இருக்கட்டும் என்றார்கள். 2015-இல் புது விதி வந்து இந்த வேறுபாடு நீங்கியது. என்றாலும், பொருள் நாளடைவில் நலியும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்த சட்டம் ஒன்று இருந்தது என்பதே பெரிய ஞானமாக எனக்குப் படுகிறது. செய்து விற்கிறவனும் காக்கிற கடமையில் ஒரு பங்கை முதலிலேயே சுமக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இந்தக் கணக்கை எழுதினோமா? புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியடிகளோடு சேர்ந்து நடத்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் மகன்வாடியில் இருந்தது. அங்கே உருவான அடுப்புக்கு 'மகன் சூலா' என்றே பெயர். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் ஓர் அடுப்பை வகுத்து, கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று 1953-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பிறகு 1983-இல் தொடங்கிய தேசியத் திட்டம் 2002 வரை நடந்தது. மூன்றரைக் கோடி அளவில் அடுப்புகள் கட்டினார்கள். சாதாரணக் காரியமா? ஆனால் கட்டிய அடுப்புகளில் ஏராளமானவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. எத்தனை கட்டினோம் என்று எண்ணத் தெரிந்த அளவுக்கு, எத்தனை இன்னும் புகையாமல் இருக்கின்றன என்று எண்ணத் தெரியவில்லை.

ஒடிசாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் நடத்தி, 2016-இல் பத்திரிகையில் வெளியிட்டது. புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளை வீடுகளில் கட்டிக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்த நன்மை கரைந்து போயிற்று. வீட்டார் அடுப்பைச் சரியாகப் பராமரிக்கவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று காரணம் கண்டார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் அவசரப்படுகிறோம். "கட்டிக் கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டாமா? விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் சுமந்து, மாட்டைக் கவனித்து, களை பறிக்கப் போய், மாலையில் வந்து சோறு ஆக்குகிறவளிடம், "இன்றுமுதல் இன்னொரு வேலை, மாதம் ஒரு முறை குழாயில் கரி தள்ளு" என்று சொல்கிறோம். குழாய் உடைந்தால் புதுக்குழாய்க்குக் காசு அவள் கையில் இல்லை. அடுப்பு எங்கே வர வேண்டும் என்று அவளிடம் கேட்கவில்லை. பயன் கூரைக்குக் கீழே உள்ள எல்லோருக்கும். கடமை மட்டும் அடுப்புக்கு அருகில் நிற்பவளுக்கு. அவள் அதைச் செய்யவில்லை என்றால், அது சோம்பலா? இல்லை, கேட்பாரற்ற ஓர் அநியாயத்துக்கு அவள் சொல்லாமல் சொன்ன பதிலா?

புகை சாதாரண விஷயம் அல்ல. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு கை மண் வைக்காத விரிசலின் கணக்கும் இதற்குள் எங்கேயோ இருக்கிறது.

"அப்படியானால் அந்த அடுப்பை இடித்துத் தள்ளிவிட வேண்டியதுதானே! வீட்டுக்கு வீடு எரிவாயு வந்துவிட்டதே!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும், அதற்கு முன்பே தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பினாலும் லட்சக்கணக்கான பெண்களின் கண்ணுக்கு விடுதலை கிடைத்தது உண்மை. அதைக் குறை சொல்கிறவன் ஒரு வேளை ஈரவிறகில் சமைத்துப் பார்க்க வேண்டும். மண் அடுப்புச் சமையலுக்குத் தனி ருசி என்று நகரத்தில் உட்கார்ந்து ஏங்குகிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவு கிடையாது. ருசி நமக்கு, இருமல் அவளுக்கு.

ஆனால் அடுப்பு மாறுவதால் கேள்வி மாறிவிடுவதில்லை. எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாயும் நாளாவட்டத்தில் வெடிக்கும். அதைப் பார்த்து, காலத்தில் மாற்றுவது யார்? தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார்? படுக்கையில் கிடக்கிற பாட்டனாரைத் திருப்பிப் படுக்க வைப்பது யார்? எந்த வீட்டிலும் ஏதோ ஒன்று மெல்ல விரிந்துகொண்டேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் ஓசைப்படாமல் அதை அடைத்துக்கொண்டேதான் இருக்கிறார். அந்த ஒருவரைப் புகழ்ந்து பேச நமக்குத் தெரியும். "பொறுமையில் பூமாதேவி" என்போம். புகழ்ச்சி என்பது கூலிகளிலெல்லாம் மலிவான கூலி. வேலையை மறுபடியும் அவரிடமே விட்டுவிட்டுப் போவதற்கு அது நல்ல சாக்கு.

காக்கிற வேலைக்கு மரியாதை கொடுக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. கோயிலைப் பாருங்கள். கர்ப்பக்கிருகத்தில் மூர்த்தியும் பீடமும் சேருகிற இடத்தில் அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்துப் பிசைந்த சாந்து அது. காலம் செல்லச் செல்ல அது இறுகி விரிசல் காணும். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகச் சாத்திக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். சாமிக்கே மூட்டு விரிந்து போகும் என்று ஒப்புக்கொண்ட சமூகம் இது! அதோடு நிற்கவில்லை. அந்த விரிசலை அடைக்கிற செலவை ஊரின் தலையில் வைத்தார்கள். தேதி குறித்தார்கள். இடிக்க ஆள், பிசைய ஆள், மேளம், சோறு என்று ஊரே கூடிச் செய்கிற விழாவாக்கினார்கள். அர்ச்சகரைப் பார்த்து, "நீர்தானே பக்கத்தில் நிற்கிறீர், நீரே பார்த்துக்கொள்ளும்" என்று யாரும் சொல்லவில்லை.

காக்கிற கடமையின் இலக்கணம் முழுவதும் அந்த வழக்கத்தில் அடங்கியிருக்கிறது. விரிசல் வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது. அதற்கு நாள் ஒதுக்குவது. அருள் பெறுகிறவர்கள் எல்லோரும் செலவிலும் உழைப்பிலும் பங்கு கொள்வது. கோயிலில் கடைப்பிடித்த இந்த நியாயம், கோயிலிலிருந்து திரும்பிச் சமையற்கட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் ஏன் மறந்து போகிறது? அங்கே வேலை செய்கிறவர் நம் மனைவி, நம் தாய், சம்பளம் வாங்கும் ஓர் ஏழைப் பெண் என்பதாலா?

ஆத்தூரிலிருந்து கிழக்கே, விருத்தாசலம் வழியாகப் போகிற ரயிலில் ஏறினால் வடலூருக்குப் போய்ச் சேரலாம். 1867 மே 23-ஆம் நாள் வள்ளலார் அங்கே சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. அதை மூட்டியவரை உலகம் அறியும், அறிய வேண்டியதுதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, இரவிலும் மழையிலும் ஒரு கட்டை விறகைத் தள்ளிவைத்து, சாம்பலை வாரி, சுவரில் மண் பூசி அந்தத் தீயைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தவர்களின் பெயர் என்ன? அவர்கள் ஒரே ஒரு நாள் கைவிட்டிருந்தால், மூட்டியது வெறும் சரித்திரமாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுகிற விடை இதுதான். ஒரு பொருளைக் கொடுக்கிறவன், அதைக் காக்கிற வழியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பாதிதான் கொடுத்தவன் ஆகிறான். பயன் அடைகிறவன், காப்பதில் பங்கு கொள்ளாவிட்டால் பாதி கடன்காரனாகவே இருக்கிறான். அருகில் நிற்கிறவருக்குக் கடமை உண்டு என்றால், அந்தப் பொருள் இன்னும் வேண்டுமா, போதுமா என்று சொல்கிற உரிமையும் அவருக்கே முதலில் உண்டு. அடுப்பைக் காப்பாற்று என்று கட்டளையிட யாருக்கும் அதிகாரம் இல்லை, அதன்முன் உட்கார்ந்து அதை மெழுகுகிறவரைத் தவிர.

ஊர் முழுவதையும் ஒரே நாளில் திருத்திவிட முடியாது. ஆனால் வெந்நீர் ஊற்றிக்கொள்கிற ஒவ்வொருவரும், அந்த மண் எங்கிருந்து வருகிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம். அடுத்த அமாவாசைக்கு ஏரிக்கரைக்குப் போய் ஒரு கூடை களி எடுத்து வரலாம். மூங்கிலைப் பிடித்துக் கரி தள்ள வயது எழுபதாக இருக்க வேண்டியதில்லை. பெண்ணாக இருக்க வேண்டியதும் இல்லை. இருபது வயதுப் பேரனுக்கு அது கால்மணி நேர வேலை.